மானைச் சுற்றி வெள்ளைக்கரை, மானில் புள்ளியைக் காணோம்

உப்புவெளிப் பெடியன்:

வணக்கம் எல்லோருக்கும். கொஞ்சம் நீட்டாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கிழமை முடிவில் எங்கள் கழகத்தின் மென்பந்துச் சுற்றுப்போட்டி. 22 ரீசேட் அடிக்க வேண்டும், கடும் நீலம், நெஞ்சில் கழகச் சின்னம். சின்னம் ஒரு புள்ளிமான். திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் நிழலில் படுத்திருக்குமே, அதே மான்தான். மச்சாள் வெள்ளைக் கடதாசியில் மண்ணிற மார்க்கரால் கீறித் தந்தாள். புள்ளிகளுக்கு நிறம் தீட்டவில்லை, கடதாசியின் வெள்ளையையே புள்ளியாக விட்டிருக்கிறாள். வடிவான மான். மானுக்குக் கீழே கழகத்தின் பெயரை நான் கொம்பியூட்டரில் மஞ்சள் எழுத்தில் அடித்துச் சேர்த்தேன்.

இதுவரை இரண்டு மாதிரி அடித்துப் பார்த்தாகிவிட்டது. முதலாவதுக்குப் படத்தை போனில் இருந்து போட்டோவாக அனுப்பினேன், பின்னணியைத் தாங்களே எடுப்பதாகக் கடையில் சொன்னார்கள். வந்த மானுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் ரீசேட்டின் நீலம் தெரிகிறது. அம்மா தூக்கிப் பார்த்துவிட்டு "இது என்ன, அம்மை போட்ட மாட்டுக்கன்றா?" என்று கேட்டார்.

சரி, நானே செய்வோம் என்று கிம்ப் என்ற படம் திருத்துகிற மென்பொருளை இறக்கி, அன்றிரவு முழுக்க இருந்து பின்னணியை அழித்து, பின்னணி இல்லாமலே வைக்கக்கூடிய பிஎன்ஜி ஃபைலாகக் கொடுத்தேன். திரையில் மானுக்குப் பின்னால், பின்னணி இல்லை என்று காட்டுகிற சின்னச் சின்னச் சதுரக் கட்டம், அருமையாக இருந்தது. ரீசேட்டில் வந்ததோ, மானைச் சுற்றி யாரோ சோக்கால் கோடு கீறிவிட்ட மாதிரி வெள்ளைக்கரை. கடையில் கேட்டால் ஃபைல் பிழை என்கிறார்கள். எனக்கென்றால் அவர்களின் பிரிண்டர் பிழை போலத்தான் தெரிகிறது. யார் சரி? இன்னும் 8 நாள்தான் இருக்கிறது.

சும்மா வந்தவன்:

பிஎன்ஜியை ஜேபெக் ஆக்கி அனுப்பு தம்பி, எல்லாம் சரிவரும்.

உவர்மலை:

ஐயோ, அதைச் செய்துவிடாதீர்கள். ஜேபெக்கில் "இந்த இடத்தில் ஒன்றும் இல்லை" என்று எழுதிவைக்க இடமே கிடையாது. ஒவ்வொரு பிக்சலுக்கும், அதாவது படத்தைக் கட்டுகிற ஒவ்வொரு மிகச் சின்னச் சதுரத்துக்கும், ஏதாவது ஒரு நிறம் இருந்தே ஆக வேண்டும். அதனால் வெறுமையாக இருந்த இடமெல்லாம் வெள்ளையாகவோ கறுப்பாகவோ நிரம்பிவிடும்.

தம்பி, உங்கள் முதல் மாதிரிக்கும் இதுதான் நடந்திருக்கிறது. வாட்ஸ்அப் மாதிரியான செயலிகளில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி ஜேபெக் ஆகத்தான் போய்ச் சேரும். நீங்கள் கடதாசி ஸ்கேனையே அனுப்பியிருக்கிறீர்கள், அதில் எப்படியும் வெள்ளைதான். கடையில் இருந்த பொடியன் "வெள்ளை நிறம் எங்கெங்கே இருக்கிறதோ எல்லாவற்றையும் தெரிவுசெய்" என்று ஒரே அமுக்காக அமுக்கி அழித்திருப்பான். கொம்பியூட்டருக்குப் பின்னணி வெள்ளையும் மான்புள்ளி வெள்ளையும் ஒன்றுதான், அது மானைக் கண்டதா கோட்டையைக் கண்டதா. கிம்பில் "செலக்ட் பை கலர்" என்ற கருவி அப்படித்தான் நடக்கும். பக்கத்தில் இருக்கிற "ஃபசி செலக்ட்" நீங்கள் தொட்ட இடத்தில் இருந்து தொடர்ச்சியாக இருக்கிற வெள்ளையை மட்டும் எடுக்கும், மானின் உடம்புக்குள்ளே போகாது. போட்டோஷொப்பின் மேஜிக் வாண்டில் "கன்டிகுவஸ்" என்ற சின்னப் பெட்டியில் சரி போட்டால் அதே வேலை.

இனி எதையும் டொக்கியுமென்டாகவே அனுப்புங்கள். அல்லது பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள், கடை தூரமில்லைத்தானே.

இரண்டாவது மாதிரிக்கு வருகிறேன். பிரிண்டரைத் திட்டுவதற்கு முன் ஒரு சோதனை. கிம்பில் மான் படத்தைத் திறந்து, அதற்குக் கீழே ஒரு புது லேயர், அதாவது அடியில் விரிக்கிற இன்னொரு தாள் மாதிரி, போட்டு, முழுக்க நல்ல கடும் சிவப்பால் நிரப்புங்கள். பிறகு மானின் காதையும் காலையும் 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து, கண்டதைச் சொல்லுங்கள்.

உப்புவெளிப் பெடியன்:

அக்கா, செய்தேன். வாயடைத்துப்போனேன். கால்களைச் சுற்றி, இரண்டு காதுகளையும் சுற்றி, வாலின் கீழே, எல்லா இடமும் வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு கரை. சதுரக் கட்டத்தின் மேல் பார்க்கும்போது இது எனக்குத் தெரியவே இல்லையே! அப்படியென்றால் கடைக்காரர் சரி, நான் பிழை. ஆனால் ஒன்று, கீழே இருக்கிற மஞ்சள் எழுத்தில் அப்படி ஒரு கரையும் இல்லை. ரீசேட்டிலோ எழுத்துக்கும் மெல்லிய வெள்ளை இருக்கிறது, அதுவும் இடது பக்கம் மட்டும்.

உவர்மலை:

எழுத்துக் கதை வேறு, அதற்கு ரீசேட் அடிக்கிற ஆள் யாராவது வந்து பதில் சொல்லட்டும். மானின் கரையை நான் சொல்கிறேன்.

அந்தச் சதுரக் கட்டம் என்ன நிறம்? வெள்ளையும் வெளிர் சாம்பலும். வெள்ளைக்கரையை வெள்ளைக் கட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு எப்படித் தெரியும்? வேலை பழகுகிற எல்லோரும் ஒருமுறையாவது இதில் ஏமாறுவார்கள், நானும் ஏமாந்தேன், அதுவும் காசு வாங்கிச் செய்த வேலையில். இப்போது எந்தப் படத்தை வெட்டினாலும் முதல் வேலையாகக் கீழே ஒரு சிவப்பு லேயர், ஒரு கறுப்பு லேயர் போட்டு வைத்துவிடுவேன். அனுப்பும்போது இரண்டையும் மூடிவிட்டு அனுப்புவது. ஒருமுறை மூட மறந்து, சிவப்போடேயே போய்விட்டது, அந்தக் கதை வேண்டாம்.

கரை எங்கே இருந்து வந்தது என்றால், ஸ்கேன் பண்ணும்போது மானின் ஓரத்தில் விழுகிற பிக்சல் முழு மண்ணிறமாக இருக்காது. அரைவாசி மான், அரைவாசி கடதாசி. மச்சாளின் மண்ணிறம் சிவப்பு 120, பச்சை 70, நீலம் 30 என்று வையுங்கள், கடதாசி மூன்றும் 255, அதுதான் உச்சம். பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய 187, 162, 142. அது ஒரு வெளிறிய தோல் நிறம். உங்கள் கருவி சுத்த வெள்ளையை மட்டும் அள்ளிக்கொண்டு போனது. இந்தக் கலப்புப் பிக்சல்கள் "நான் வெள்ளை இல்லையே" என்று மானோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. வெள்ளை ரீசேட்டில் அடித்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. கடும் நீலத்தில் அவை பல்லைக் காட்டுகின்றன. நீலம் 20, 30, 70 என்று வைத்தால் அதே பாதிக் கலவை 70, 50, 50 என்று இருட்டாக வந்திருக்க வேண்டும், வந்திருப்பதோ 187. வெட்டியெடுத்த பிறகும் அந்தப் பிக்சலுக்குள் கடதாசி இருக்கிறது.

கணக்கு வாத்தி:

உவர்மலை சொன்ன கணக்குக்குப் பெயர் ஆல்பா. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்ணோடு "எவ்வளவு மறைக்கிறது" என்ற நாலாவது எண்ணும் உண்டு, 0 என்றால் ஒன்றும் இல்லை, 1 என்றால் முழுக்க. மேலே இருக்கிற நிறத்தை ஆல்பாவால் பெருக்கு, கீழே இருக்கிற நிறத்தை ஒன்றில் இருந்து ஆல்பாவைக் கழித்து வந்ததால் பெருக்கு, இரண்டையும் கூட்டு. கணக்கு அவ்வளவுதான். 1970களின் கடைசியில் நியூயோர்க் தொழில்நுட்ப நிறுவனத்தில் எட் காட்மலும் ஆல்வி ரே ஸ்மித்தும் இதைக் கொண்டுவந்தார்கள். அந்தச் சமன்பாட்டில் இருந்த கிரேக்க எழுத்துத்தான் பெயராக நின்றுவிட்டது. 1984இல் தோமஸ் போர்ட்டரும் டொம் டஃப்பும் படத்தின் மேல் படம் வைக்கிற வழிகளை ஒரு கட்டுரையில் ஒழுங்குபடுத்தினார்கள். இன்றைக்கும் அநேகமாக எல்லா மென்பொருளும் உள்ளே அதைத்தான் செய்கிறது.

1989இல் வந்த ஜிஃப் வடிவத்தின் புதிய பதிப்புக்கு இருக்கு அல்லது இல்லை, இரண்டே பதில்தான் தெரியும், அதனால்தான் பழைய ஜிஃப் படங்களின் ஓரம் எலி கடித்த மாதிரி இருக்கும். 1996இல் பிஎன்ஜி வந்தபோது 0 முதல் 255 வரை 256 படி கிடைத்தது. ஆனால் அதைச் சரியாகக் காட்ட எல்லா உலாவியும் தயாராக இருக்கவில்லை. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6இல் பிஎன்ஜி படத்துக்குப் பின்னால் சாம்பல் பெட்டி ஒன்று தெரிந்தது நினைவிருக்கிறதா? 2006இல் 7 வந்த பிறகுதான் அது ஒழிந்தது.

சும்மா வந்தவன்:

சேர், மானுக்கு எப்போது புள்ளி வரும்?

கணக்கு வாத்தி:

வரும், பொறு.

கட்டைபறிச்சான்:

சதுரக் கட்டம் என்றதும் எங்கள் ஊர்க் கதை ஒன்று. திருவிழா பேனருக்கு ஒருத்தர் இணையத்தில் தேடி "பின்னணி இல்லாத பிள்ளையார்" என்று ஒரு படம் இறக்கினார். திரையில் கட்டம் தெரிந்தது, ஆகவே பின்னணி இல்லை என்று நம்பி அப்படியே பேனரில் வைத்து அடிக்கக் கொடுத்துவிட்டார். 10 அடிப் பேனர் சந்தியில் ஏறியது. பிள்ளையாருக்குப் பின்னால் அச்சொட்டாகச் சாம்பல் கட்டம், வெள்ளைக் கட்டம். பெரியம்மா ஒருத்தர் நின்று பார்த்துவிட்டு "பிள்ளையாருக்கு ஏன் சாரத்தை விரித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். கட்டத்தையே படமாகக் கீறி ஜேபெக்கில் போட்டு வைத்திருக்கிறார்கள் படுபாவிகள்.

உவர்மலை:

இதைப் பிடிக்கவும் சிவப்பு லேயர் போதும். உண்மையான கட்டம் என்றால் கீழே சிவப்பு போட்டதும் மறைந்துவிடும். பொய்க் கட்டம் மறையாது, சாரம் அங்கேயே இருக்கும்.

கிண்ணியாத் தோணி:

இப்போதுதான் இழையைப் பார்த்தேன். நான் ரீசேட் அடிக்கிறவன், டிடிஎஃப், அதாவது படலத்தில் அடித்துத் துணிக்கு மாற்றுகிற மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன். தம்பியின் மாதிரியும் டிடிஎஃப்பாகத்தான் இருக்க வேண்டும், தடவிப் பார்த்தால் மெல்லிய பிளாஸ்டிக் தோல் மாதிரித் தெரிகிறதா?

எழுத்தில் இடது பக்கம் மட்டும் வெள்ளை தெரிகிறது என்றீர்களே, அது கடையின் பக்கம். எப்படி என்று சொல்கிறேன். இந்த மெஷின் ஒரு பிளாஸ்டிக் படலத்தில் முதலில் நிறத்தை இடவலம் மாற்றி அடிக்கும், அந்த நிறத்தின் மேல் வெள்ளை மையை அடிக்கும், ஈரம் காய முன் பசைத்தூள் தூவி உருக்குவோம், பிறகு சூட்டு பிரஸ்ஸில் ரீசேட்டின் மேல் வைத்து அமுக்கிப் படலத்தை உரித்தால், வெள்ளை கீழேயும் நிறம் மேலேயுமாக நிற்கும். கடும் நீலத் துணியில் மஞ்சள் மஞ்சளாகத் தெரிவது கீழே வெள்ளை இருப்பதால்தான். அந்த வெள்ளை எங்கே போக வேண்டும் என்று மெஷினுக்கு யார் சொல்வது? உங்கள் படத்தின் ஆல்பாதான். ஆல்பா இருக்கிற இடமெல்லாம் வெள்ளை விழும்.

வெள்ளை ஒரு மயிரளவு விலகினால் ஒரு பக்கத்தில் எட்டிப் பார்க்கும். அதனால் மெஷினை ஓட்டுகிற மென்பொருளில் வெள்ளையை ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே இழுத்து வைக்க ஓர் அமைப்பு இருக்கிறது. உங்கள் கடையில் அதைப் போடவில்லை, அல்லது மை அடிக்கிற தலை சரியாக நேர்ப்படுத்தப்படவில்லை. போய் "வெள்ளையைக் கொஞ்சம் உள்ளே இழுங்கள் அண்ணா" என்று மட்டும் சொல்லுங்கள், விளங்கும். சண்டை பிடிக்க வேண்டாம். சுற்றிவர ஒரே அளவு கரை என்றால் முதலில் ஃபைலைச் சந்தேகிக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் என்றால் மெஷினை. இரண்டு பேரிலும் பிழை இருக்கிறது, பாதிப் பாதி.

அச்சுமை:

நான் 25 வருடம் ஓஃப்செட் அச்சகத்தில் நின்றவன். எங்களுக்கு வெள்ளை என்று ஒரு மை கிடையாது. வெள்ளை என்றால் கடதாசி, அந்த இடத்தில் மை விழாது, முடிந்தது கதை. ஆகவே புள்ளியை வெட்டிவிட்டாலும் விட்டாலும் அச்சில் ஒன்றுதான் என்று எழுத வந்தேன், கிண்ணியாத் தோணியின் பதிலைப் பார்த்துவிட்டு அழித்துவிட்டேன்.

கிண்ணியாத் தோணி:

அண்ணை, அந்த ஒரு எண்ணத்தோடு வருகிறவர்கள்தான் எங்களுக்கு அதிக தலையிடி, கோபிக்க வேண்டாம். டிடிஎஃப்பில் "வெள்ளை" வேறு, "ஒன்றும் இல்லை" வேறு. தம்பியின் மான்புள்ளி உண்மையான வெள்ளையாக, முழு ஆல்பாவோடு ஃபைலில் இருக்க வேண்டும். வெட்டுப்பட்டிருந்தால் அங்கே மையே விழாது, துணிதான் தெரியும். முதலாவது மாதிரியில் அதுதான் நடந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது முக்கியம். அரைகுறை ஆல்பா எங்கள் மெஷினுக்கு ஒத்துவராது. திரைக்கு ஓரம் மெத்தென்று மங்குவது அழகுதான், ஆனால் படலத்தில் 30 சதவீதம் என்றால் தனித்தனிச் சின்னப் புள்ளிகளாக வெள்ளை விழும், அதில் பசைத்தூள் வடிவாகப் பிடிக்காது, இரண்டு தரம் தோய்த்தால் உரியும். மானுக்குக் கீழே நிழல், சுற்றிவர ஒளி என்று ஏதாவது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். நிழலுக்குக் கீழும் வெள்ளை விழுந்து, மான் பனிமூட்டத்துக்குள் நிற்கிற மாதிரி வரும்.

உப்புவெளிப் பெடியன்:

கிண்ணியாத் தோணி நானா, நன்றி. நிழல் போட்டிருந்தேன், எடுத்துவிட்டேன். அக்கா, இப்போது மானின் கரையை எப்படி எடுப்பது? அழிரப்பரால் சுற்றிவர அழித்துப் பார்த்தேன், காலெல்லாம் கம்பி மாதிரி ஆகிவிட்டது.

உவர்மலை:

அழிரப்பரைக் கீழே வையுங்கள். அழித்தது போய்விட்டது, திரும்ப வராது. ஸ்கேனில் இருந்து மறுபடி தொடங்குவோம், அரை மணித்தியாலம் பிடிக்காது.

ஸ்கேனைத் திறந்ததும் முதலில் லேயர் மெனுவில் டிரான்ஸ்பேரன்சி, அதற்குள் "ஆட் ஆல்பா சேனல்". இதைச் செய்யாமல் டிலீட் அமுக்கினால் அழித்த இடத்தில் வெறுமை வராது, கருவிப்பெட்டியில் இருக்கிற பின்னணி நிறம்தான் வந்து நிரம்பும். பலர் இந்த இடத்தில்தான் கிம்பைத் திட்டிவிட்டுப் போவார்கள். ஃபசி செலக்ட்டால் மானுக்கு வெளியே வெள்ளையைத் தொடுங்கள். கால்களுக்கு இடையில் அடைபட்டிருக்கிற வெள்ளையை ஷிஃப்ட் அமுக்கிக்கொண்டு தொட்டுச் சேருங்கள். இனித்தான் முக்கியமான இடம்: செலக்ட் மெனுவில் "குரோ", 2 பிக்சல். தெரிவு மானின் ஓரத்துக்குள் இரண்டு பிக்சல் ஏறிவரும், அந்தக் கலப்புப் பிக்சல்கள் எல்லாம் வலைக்குள் அகப்படும். இப்போது டிலீட்.

படம் எத்தனை பிக்சல் அகலம்? 10 அங்குலத்துக்கு, ஒரு அங்குலத்தில் 300 பிக்சல் (300 டிபிஐ) என்ற கணக்கில் 3000 இருந்தால் 2 பிக்சல் போவது ஒருத்தருக்கும் தெரியாது. 600 பிக்சல் படம் என்றால் அதே 2 பிக்சலில் காது போய்விடும், மறுபடி ஸ்கேன் பண்ணுங்கள்.

அதற்குப் பிறகும் அங்கங்கே வெளிறல் தெரிந்தால் லேயர் பட்டியலில் "லாக் ஆல்பா" என்ற சதுரக்கட்ட அடையாளத்தை அமுக்கிவிட்டு, மண்ணிறத் தூரிகையால் ஓரத்தைத் தடவுங்கள். பூட்டிய பிறகு தூரிகை வெளியே போனாலும் வெளியே நிறம் ஒட்டாது, உள்ளே இருக்கிற பிக்சலின் நிறம் மட்டும் மாறும். எனக்கு இந்தப் பூட்டுத்தான் கிம்பிலேயே பிடித்த விஷயம். போட்டோஷொப் வைத்திருப்பவர்கள் லேயர் மெனுவில் மேட்டிங் என்பதற்குள் "ரிமூவ் வைட் மேட்" பார்க்கலாம், வெள்ளையில் இருந்து வெட்டிய படத்துக்கென்றே இருக்கிறது.

கடைசியில் நானா சொன்ன அரைகுறை ஆல்பாவுக்கு: டிரான்ஸ்பேரன்சிக்குள் "திரெஷோல்ட் ஆல்பா". நடுவில் வைத்து ஓகே. இருக்கு, இல்லை, இரண்டே நிலை. 1989க்குப் போய்விட்டோம், வாத்தியார் மன்னிக்க. திரைக்கு வைத்திருக்கிற பிரதியில் இதைச் செய்ய வேண்டாம், அச்சுப் பிரதியில் மட்டும்.

ஏகாம்பரம் வீதி:

இழையைக் கடத்துவதாக நினைக்க வேண்டாம், எனக்கும் வெள்ளைதான் பிரச்சினை. அம்மம்மாவின் 31ஆம் நாள் நினைவஞ்சலிக்குப் படம் செய்கிறேன். இருக்கிறது ஒரே ஒரு படம், ஸ்டூடியோவில் வெள்ளைச் சுவருக்கு முன் எடுத்தது, அவருக்குத் தலை பஞ்சு மாதிரி வெள்ளை. தானாகப் பின்னணி எடுத்துத் தருகிற ஒரு தளத்தில் போட்டேன், தலைமயிரில் பாதியைக் காணோம். அம்மா பார்த்துவிட்டு எழும்பி உள்ளே போய்விட்டார், அதற்குப் பிறகு எனக்கு அந்தப் படத்தைத் திறக்கவே மனமில்லை.

உவர்மலை:

அந்தப் படத்தை வெட்டாதீர்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். வெள்ளைச் சுவரில் வெள்ளை மயிர் எங்கே முடிகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தவருக்கே தெரியாது, இயந்திரம் ஊகித்துத்தான் வெட்டும். சுவரையும் சேர்த்து நீள்வட்டமாகத் தெரிவுசெய்து, ஓரத்தை 40, 50 பிக்சல் மங்கவிட்டு, வெளிர் நிறப் பின்னணியில் வையுங்கள். பழைய ஸ்டூடியோக்காரர்கள் அப்படித்தான் அடித்துத் தந்தார்கள், எங்கள் வீட்டுச் சுவரில் தாத்தா இன்னும் அப்படித்தான் இருக்கிறார். கடதாசியில் அடிப்பதென்றால் ஓரம் மங்குவதில் ஒரு சிக்கலும் இல்லை, நானாவின் தடை ரீசேட்டுக்குத்தான்.

அச்சுமை:

அதேதான். சுவரைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் திருப்பிவிடுங்கள், தலை தனியாக எடுப்பாக வரும்.

ஏகாம்பரம் வீதி:

செய்து அம்மாவுக்குக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, போனை வாங்கி வைத்துக்கொண்டார். நன்றி அக்கா, நன்றி ஐயா.

கட்டைபறிச்சான்:

அப்படியென்றால் என்னுடையதையும் கேட்டுவிடுகிறேன். கொட்டியாரக் குடாவில் விடியற்காலை ஒருவர் வீச்சுவலை எறிகிற படம். வலை விரிந்து வட்டமாக நிற்கிறது, வானம் வெளிர் ஒரே நிறம், வலை கறுப்பாகத் தெரிகிறது. நாட்காட்டிக்கு வேறு பின்னணியில் வைக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணியாக வெட்டப் போனால் எனக்கு 31ஆம் நாள் வந்துவிடும்.

உவர்மலை:

வலையை யார் வெட்டச் சொன்னது? நிறங்கள் மெனுவில் "கலர் டு ஆல்பா" இருக்கிறது. வானத்தின் நிறத்தைத் தொட்டுக் காட்டினால், ஒவ்வொரு பிக்சலிலும் அந்த நிறம் எவ்வளவு கலந்திருக்கிறதோ அவ்வளவையும் கழித்து ஆல்பாவாக மாற்றிவிடும். நான் மேலே சொன்ன மான்-கடதாசிக் கணக்கைத் தலைகீழாகச் செய்கிறது, அவ்வளவுதான். கண்ணிகள் தானாகத் திறக்கும், நூல் நிற்கும்.

கட்டைபறிச்சான்:

அக்கா, வலை அற்புதம்! ஒரு நூல்கூடத் தவறவில்லை. ஆனால் எறிகிறவரின் வெள்ளைச் சாரத்தின் ஊடாகப் புதுப் பின்னணியில் இருக்கிற மலை தெரிகிறது. மனுசனுக்கு மானம் போய்விட்டது.

உவர்மலை:

சாரத்திலும் வானத்தின் வெளிர் நிறம் இருக்கிறதே, அதையும் கழித்திருக்கிறது. முதலில் வலையை மட்டும் பரும்படியாகத் தெரிவுசெய்துவிட்டு அதற்குள் மட்டும் செய்யுங்கள். ஆளைச் சாதாரணமாக வெட்டி வேறு லேயரில் வையுங்கள்.

உப்புவெளிப் பெடியன்:

மூன்றாவது மாதிரி வந்துவிட்டது. 400 சதவீதத்தில் பார்த்த கண்ணோடு ரீசேட்டையும் மூக்கருகே வைத்துப் பார்த்தேன். கரை இல்லை. எழுத்தின் இடது பக்கமும் சுத்தம், கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் வெள்ளையை உள்ளே இழுத்து அடித்துத் தந்தார், நான் போன தரம் சத்தம் போட்டதை நினைத்து எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. புள்ளிகள் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன, மொத்தம் 19, மச்சாள் எண்ணிப் பார்த்தாள். வாலின் நுனியில் கொஞ்சம் போய்விட்டது, அது குரோ 2 பிக்சலின் வேலை, அதற்கு அவள் இன்னும் முகத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். அம்மா இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை, மான் என்று ஒத்துக்கொண்டார் போல.

சும்மா வந்தவன்:

நான் சொன்ன மாதிரி ஜேபெக்கில் ஒன்று அடித்துப் பார்த்திருக்கலாம்.

கிண்ணியாத் தோணி:

தம்பி, 22ஐயும் அடிக்கக் கொடுக்க முன் ஃபைலை டொக்கியுமென்டாகத்தான் அனுப்பினீர்களா?

உப்புவெளிப் பெடியன்:

பென் டிரைவ் நானா, கையோடு கொண்டுபோய். 22உம் வந்துவிட்டது, மான் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி. ஆனால் மூன்று பேருக்கு எக்ஸெல் அளவு கேட்ட இடத்தில் மீடியம் வந்திருக்கிறது. விக்கெட் காப்பாளர் தலையை நுழைத்துவிட்டார், கையை இன்னும் நுழைக்கவில்லை. அதற்கு வேறு இழை தொடங்குகிறேன்.